காப்பகத்திலிருந்து நாய் எடுப்பது: உள்ளே என்னதான் நடக்கிறது?

"வாங்காதீர்கள், தத்தெடுங்கள்" என்று ஒரு சோகமான நாய்ப் படத்தோடு யாராவது பதிவு போடுவார்கள். அதற்குக் கீழேயே நாலு பேர் வந்து "காப்பகத்து நாய்க்கு வியாதி இருக்கும், கடிக்கும், ஜாதி நாய்தான் வீட்டுக்கு லாயக்கு" என்பார்கள். அப்புறம் சண்டைதான். ஒரு பக்கம் வாங்குகிறவர்கள் எல்லாம் கொலைகாரர்கள், இன்னொரு பக்கம் தத்தெடுப்பவர்கள் எல்லாம் பெருமைக்காகச் செய்கிறவர்கள். காப்பகம் எப்படி ஓடுகிறது, அங்கிருந்து ஒரு நாய் வெளியே போனால் எது மாறுகிறது, கடையில் ஒரு குட்டி விற்றால் பின்னால் எது நகர்கிறது என்பதை மட்டும் இரண்டு பக்கமும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே, நாயே வளர்த்திராதவர்களுக்கும் புரிகிற மாதிரி, எழுதப் பார்க்கிறேன்.

## காப்பகம் எது, எது இல்லை

பாதிக் குழப்பம் அமெரிக்க வீடியோக்களால் வருவது. குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் வந்து எடுக்காவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள், கடைசி நிமிடத்தில் ஒருவர் வந்து காப்பாற்றுவார், நமக்கும் கண் கலங்கும். அங்கே பல ஊர்களில் அது உண்மைதான். இந்தியாவில் சட்டம் வேறு. 2001ல் வந்து 2023ல் மாற்றி எழுதப்பட்ட விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஆரோக்கியமான தெருநாயைக் கொல்லக் கூடாது. பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். இந்த முறையை 1964லேயே சென்னையில் ஆரம்பித்தது ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. தெருவில் காது நுனி வெட்டுப்பட்ட நாயைப் பார்த்திருப்பீர்களே, அது யாரும் அடித்ததால் வந்த காயம் இல்லை, கருத்தடை முடிந்தது என்பதற்கான அடையாளம்.

2025ல் உச்ச நீதிமன்றம் இதில் சில மாற்றங்களைச் சொன்னது. ரேபிஸ் உள்ளதையும் மூர்க்கமாக நடந்துகொள்வதையும் திரும்ப விடக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததை அதே இடத்தில் விடக் கூடாது. அதே வழக்கில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது.

ஆக, மாநகராட்சியின் கருத்தடை மையம் வேறு, காப்பகம் வேறு. மையத்தில் நாய் ஆபரேஷன் முடிந்து சில நாள் இருந்துவிட்டுத் தெருவுக்குப் போகும். காப்பகம் என்பது பெரும்பாலும் தொண்டு அமைப்புகள் நடத்துவது. தெருவில் பிழைக்க முடியாதவை அங்கே வரும்: வண்டியில் அடிபட்டவை, தாய் செத்துப்போன குட்டிகள், பார்வை போனவை. அவற்றோடு, பலருக்குத் தெரியாத ஒரு கூட்டமும் இருக்கும், வீட்டுக்காரர்களே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன ஜாதி நாய்கள். லேப்ரடார், பக், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை ஏதாவது காப்பகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீடு மாறினோம், குழந்தை பிறந்தது, முடி கொட்டுகிறது, தோல் வியாதி வந்துவிட்டது. காரணங்கள் இவ்வளவுதான்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நம் ஊரில் தத்தெடுப்பது தூக்குமேடையிலிருந்து ஒரு உயிரை மீட்பது இல்லை. தெருவிலும் வாழ முடியாத, வீடும் இல்லாத ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது. அப்படியானால் அவசரம் எங்கே இருக்கிறது? இடத்தில்.

## கட்டில் கணக்கு

அரசு மருத்துவமனை வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கட்டில் இருக்கிறது என்றால் வருஷத்துக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும்? கட்டில் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒருவர் எத்தனை நாளில் டிஸ்சார்ஜ் ஆகிறார் என்பதுதான் கணக்கு. குணமானவர் போக இடமில்லாமல் வார்டிலேயே தங்கிவிட்டால், வாசலில் ஸ்ட்ரெச்சரில் இருப்பவருக்கு இடம் கிடைக்காது.

காப்பகமும் அப்படியேதான். கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நாற்பது நாய்களுக்கு இடம். அதில் இருபத்தைந்து நாய்கள் எங்கேயும் போகப் போவதில்லை. பின்னங்கால் செயலிழந்து தரையில் இழுத்துக்கொண்டு நகர்பவை, குருடு, கிழடு. யாரும் கேட்டு வர மாட்டார்கள், கடைசிவரை அங்கேதான். மிச்சம் பதினைந்து இடம்தான் சுழலும். குணமான நாய் சராசரியாகத் தொண்ணூறு நாள் காத்திருந்தால், அந்தப் பதினைந்து இடத்தில் வருஷத்துக்கு அறுபது நாய்களைப் பார்க்கலாம். முப்பது நாளில் வீடு கிடைத்துவிட்டால் அதே இடத்தில் நூற்றெண்பது. புதுக் கட்டடம் தேவையில்லை, கூடுதல் ஆள் தேவையில்லை. காத்திருக்கும் நாள் குறைந்தால் போதும்.

நீங்கள் ஒரு நாயை எடுக்கும்போது அந்த நாயோடு சேர்த்து, இன்னும் உள்ளேயே வராத, இப்போது எங்கேயோ ரோட்டோரம் கிடக்கிற ஒரு நாய்க்கும் வழி பிறக்கிறது என்று சொல்வது இதை வைத்துத்தான். ஃபாஸ்டர் செய்கிறவர்களும், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில வாரம் மட்டும் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும், இதே வேலையைத்தான் செய்கிறார்கள். வீடு சின்னது, அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று தெரியாது என்கிறவர்களுக்கு இது தத்தெடுப்பதைவிடப் பொருத்தம்.

ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்லக் கூடாது. தத்தெடுப்பதால் தெருநாய்களின் எண்ணிக்கை குறைந்துவிடாது. அதைக் குறைப்பது கருத்தடை. இரண்டையும் போட்டுக் குழப்பி, "எல்லோரும் ஆளுக்கொரு நாய் எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

## கடையில் ஒரு குட்டி விற்றால் என்ன நகர்கிறது

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குட்டியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "இதை இங்கிருந்து காப்பாற்றியாவது எடுத்துவிடலாம்" என்று வாங்குகிறவர்கள் நிறைய பேர். ஆனால் பெட்டி காலியானதும் கடைக்காரர் செய்கிற முதல் வேலை, அடுத்த குட்டிக்கு போன் போடுவது. உங்கள் இரக்கம் அவர் கணக்கில் ஒரு விற்பனை, அவ்வளவுதான்.

அந்த போன் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பெண் நாய் இருக்கிறது. பெண் நாய் பொதுவாக வருஷத்துக்கு இரண்டு தடவை ஹீட்டுக்கு வரும், அதாவது இனச்சேர்க்கைக்குத் தயாராகும். 2017ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் இதற்கு எல்லை போட்டிருக்கின்றன: பதினெட்டு மாதம் ஆகாத நாயைச் சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்த வருஷமே, 2018ல், செல்லப் பிராணிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்தன. கடைக்கும் பதிவு கட்டாயம். நீங்கள் போகிற கடையில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் முகம் மாறுகிற கடைகள் இருக்கின்றன.

விதியை மதிக்காதவர் ஒவ்வொரு ஹீட்டுக்கும் சேர்த்துக்கொண்டே இருப்பார். ஐந்தாறு வயதில் குட்டி எண்ணிக்கை குறைய ஆரம்பித்ததும் அந்தத் தாய் நாய் செலவுக் கணக்கில் வந்துவிடும். எங்கேயாவது அவிழ்த்துவிடுவார்கள். காப்பகத்துக்கு வரும் இப்படிப்பட்ட ஒரு லேப்ரடாரை, வேலை செய்கிறவர்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். முலைக்காம்புகள் நீண்டு தொங்கும். முழங்கை எலும்பு மேல் முடியே இல்லாமல் தோல் தடித்துக் காய்த்திருக்கும், எந்நேரமும் சிமெண்டுத் தரையில் படுத்ததால். நடையே இல்லாததால் நகம் தேயாமல் வளைந்து, சில சமயம் பாதத்துக்குள்ளேயே குத்திக்கொண்டிருக்கும். கம்பியைக் கடித்துக் கடித்து முன்பல் மழுங்கியிருக்கும். மாடிப்படியை முதல் தடவை பார்த்தால் கீழேயே நின்றுவிடும், எப்படிக் காலை வைப்பது என்று தெரியாது. நான் பார்த்த ஒன்று, மண் தரையில் இறங்க மறுத்து கேட் ஓரத்துச் சிமெண்டுத் திட்டிலேயே ஒண்டிக்கொண்டிருந்தது. இதன் குட்டிகளைத்தான் யாரோ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், தாயைப் பார்க்காமலே.

வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். தென் மாவட்டங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைத் தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த இனங்களே இல்லை. ஒழுங்காக வளர்க்கிறவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. தாயைக் காட்டுவார், நீங்கள் அவரிடம் கேட்பதைவிட அதிகக் கேள்வி அவர் உங்களிடம் கேட்பார், குட்டி எப்போதும் தயாராக இருக்காது, காத்திருக்கச் சொல்வார். "தாய் வேற ஊர்ல இருக்கு சார், குட்டிய பஸ்ல ஏத்திவிடறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: தத்தெடுத்தால் ஒரு இடம் காலியாகிறது, கடையில் வாங்கினால் ஒரு தாய் நாய் மறுபடி சினையாகிறது. நல்லவர் கெட்டவர் பேச்சை ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் வித்தியாசம் இதுதான்.

## பேப்பர்ஸும் ரத்தமும்

"பேப்பர்ஸ் இருக்கு" என்பார்கள் ஜாதிக் குட்டி விற்பவர்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருகிற பதிவுச் சான்றிதழ் அது. குட்டியின் தாய் தகப்பன், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். குட்டி ஆரோக்கியமானது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. இதைப் பலர் மருத்துவச் சான்றிதழ் என்றே நினைக்கிறார்கள்.

ஒரு இனத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டுமென்றால் அதே இனத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொண்டே போனால் சில தலைமுறையில் அதே முன்னோர்கள் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் திரும்பத் திரும்ப வருவார்கள். பல பரம்பரைக் குறைகள் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மறைந்தே கிடக்கும்; இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். நெருங்கிய உறவுக்குள் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே குறை வருகிற வாய்ப்பு கூடிவிடுகிறது. நாட்டு நாய் யாருடைய திட்டமும் இல்லாமல் கலந்து பிறப்பதால் அந்த வாய்ப்பு குறைவு. நாட்டு நாய் கெட்டியானது என்று நாம் சொல்வதன் பின்னால் உள்ள அறிவியல் இவ்வளவுதான், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. "நாட்டு நாய்க்கு வியாதியே வராது, ஊசியெல்லாம் வேண்டாம்" என்பது ஆபத்தான பேச்சு. ரேபிஸ், குட்டிகளைக் கொல்லும் பார்வோ, உண்ணி கடிப்பதால் நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சல் எதுவும் இனம் பார்த்து வருவதில்லை.

இதில் வெயிலும் சேர்கிறது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கே இல்லாத அளவுக்கு முகம் சப்பையாக வளர்க்கப்பட்ட பக் நாய்க்கு அந்த இரைப்பே சரியாக நடக்காது. ஹஸ்கிக்குப் பனிக்காக இரட்டை அடுக்கு முடி. மே மாதச் சென்னையில் இவை படும் பாட்டை, ஏசி அறையில் வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தீர்க்க முடியாது, மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வீர்கள்? 2024ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். அது கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை. உங்களுக்கு பக்தான் வேண்டுமென்றால், யாரோ கைவிட்ட பக் காப்பகத்தில் கிடைக்கும். புதிதாக ஒன்று பிறக்கத் தேவையில்லை.

## குட்டியா, வளர்ந்ததா?

தத்தெடுக்க வருகிறவர்களும் குட்டியைத்தான் கேட்பார்கள். சின்னதிலிருந்து வளர்த்தால்தான் பாசம் வரும் என்ற நம்பிக்கை. என் கருத்து நேர் எதிர்: முதல் தடவை நாய் வளர்ப்பவர் இரண்டு மூன்று வயது நாயை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

குட்டி என்பது யூகம். நாட்டு நாய்க் குட்டி எவ்வளவு பெரிதாகும், கூச்சமா, குரைக்குமா, பூனையோடு இருக்குமா, யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயைப் பற்றிக் காப்பகத்துக்குத் தெரியும். குழந்தைகளைக் கண்டால் வாலாட்டுமா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்பதையெல்லாம் மாதக்கணக்கில் சோறு வைத்தவர் சொல்வார். கருத்தடை முடிந்திருக்கும். கண்டதையும் கடித்துக் குதறும் வயதும் தாண்டியிருக்கும்.

குட்டிக்கு இன்னொரு ஆபத்து, பார்வோ. குடலைத் தாக்கும் வைரஸ். வாந்தி, ரத்தபேதி, சிகிச்சை தாமதித்தால் சில நாளிலேயே குட்டி போய்விடும். தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, சில வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு" என்றால் போதாது. இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், நிறைய நாய்கள் வந்து போகிற எந்த இடமும் குட்டிக்கு ஆபத்துதான். கடையும் சரி, காப்பகமும் சரி. முப்பது நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த கடைக் குட்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

## எடுக்கப் போகும்போது

காப்பகம் நிறைய கேள்வி கேட்கும். சொந்த வீடா வாடகையா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள். வீட்டுக்கே வந்து கேட்டையும் பால்கனிக் கம்பியையும் பார்ப்பார்கள். "சும்மா கொடுக்கிற நாய்க்கு இவ்வளவு பந்தாவா" என்று கோபப்பட வேண்டாம், திரும்பி வந்த நாய்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஜாக்கிரதை அது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள்: கருத்தடை செய்வேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், முடியாவிட்டால் திருப்பித் தருவேன்.

நீங்களும் கேளுங்கள். எப்போது வந்தது, எதனால் வந்தது, எந்தெந்த ஊசி எந்தத் தேதியில், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களா. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிற காப்பகத்தை நம்பலாம். "எல்லாம் சூப்பர் நாய் சார்" என்று மட்டும் சொன்னால் இன்னொரு நாள் போய் மறுபடி பாருங்கள்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒன்று: குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவும் முடியாது என்பது இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல். வீட்டு ஓனர் விஷயம் அப்படி இல்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். மைக்ரோசிப் என்பது தோலுக்கடியில் வைக்கும் அரிசி அளவு சில்லு. ஸ்கேனர் வைத்தால் ஒரு எண் காட்டும், அந்த எண்ணில் உங்கள் பெயரும் போன் நம்பரும் பதிவாகியிருக்கும். தொலைந்த நாய் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டாது, பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

## முதல் சில வாரங்கள்

வீட்டுக்கு வந்த நாய் முதல் நாளே மடியில் ஏறிப் படுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் போய் உட்காரும். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், ராத்திரி எல்லோரும் தூங்கியபின் வந்து தின்னும். மிக்ஸி சத்தத்துக்கு நடுங்கும், கூடத்தில் மூத்திரம் போகும். இழுத்து வெளியே கொண்டுவராமல் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிற வேலை முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். காப்பகத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே சில நாள் கொடுத்து, பிறகு மெதுவாக மாற்றுங்கள், இல்லையென்றால் வயிறு கெடும். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் நம் வீடு என்ற எண்ணம் என்று நாய்க்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். தோராயமானதுதான், ஆனால் நான்காம் நாளே "இது நமக்கு ஒத்துவராது" என்று முடிவெடுப்பதைத் தடுக்க உதவும்.

இந்த நாட்களில் அதிகம் நடக்கிற விபத்து கடி இல்லை, ஓட்டம். திறந்திருந்த கேட், கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளுதல், ஒரு வெடிச் சத்தம். நாய்க்கு உங்கள் வீட்டு முகவரி இன்னும் மனதில் பதியவில்லை, ஓடினால் திரும்பத் தெரியாது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள், மொட்டை மாடியில்கூட அவிழ்த்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நாய் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கடித்தாலோ, நகம் பட்டுக் கீறினாலோ (ரத்தம் வராவிட்டாலும்), ஊசி போட்ட நாய்தானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால் காப்பகத்துக்கு போன் செய்யுங்கள், ஒப்பந்தத்தில் அந்த வரி அதற்காகத்தான் இருக்கிறது. தெரிந்தவரின் தோட்டத்துக்கு, பண்ணை வீட்டுக்கு என்று கைமாற்றிவிடாதீர்கள். நல்ல காப்பகம் உங்களைத் திட்டாது. நாய் எதற்குப் பயந்தது, யாரோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும், அடுத்து எடுக்க வருகிறவரிடம் அதையும் சொல்லி அனுப்பும்.